கம்ப்ரசர், பேனல், சாஃப்ட்வேர் மூன்றும் தனித்தனியாகச் சரி, சேர்த்தால் ஓடவில்லை: சிஸ்டம் ஆர்க்கிடெக்சரை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: பட்டறை_மெக்கானிக்கல்

வணக்கம். மெக்கானிக்கல் படித்தவன், ஏழு வருட அனுபவம். கோவைப் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் பால் குளிரூட்டும் தொட்டிகள் செய்கிறோம். கிராமத்துப் பால் சொசைட்டிகளில் பார்த்திருப்பீர்கள், பிஎம்சி என்பார்கள். கறந்த பாலை ஊற்றியதும் 4 டிகிரிக்கு இறக்கி, டேங்கர் வரும்வரை அப்படியே வைத்திருக்கும் ஸ்டீல் தொட்டி. எங்களுடையது 2,000 லிட்டர், இரண்டு கம்ப்ரசர், கரண்ட் போனால் தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர்.

போன மாதம் ஒரு சொசைட்டியில் புது மெஷின் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டாவது நாள் சாயங்காலம் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒழுங்காக எடுத்தது, லைட் வந்தது, 3 நிமிடம் கழித்து இரண்டு கம்ப்ரசரும் ஒரே நொடியில் ஸ்டார்ட் ஆக, ஜெனரேட்டர் மூச்சுத் திணறி வோல்டேஜ் இறங்கி, பேனலுக்குள் கான்டாக்டர்கள் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சுகள்) கடகடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கின. அப்புறம் எல்லாம் விழுந்தது. மறுபடி 3 நிமிடம், மறுபடி அதே கூத்து. செயலாளர் செல்போன் டார்ச்சைப் பேனல் மேல் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார், வெளியே கேனோடு வரிசையில் ஆட்கள். கடைசியில் ஒரு கம்ப்ரசரின் எம்சிபியை இறக்கிவிட்டு ஓட்டினோம்.

ஆபீஸில் வந்து பார்த்தால் யார் மேலும் தப்பு சொல்ல முடியவில்லை. கம்ப்ரசர் நின்றால் உடனே திரும்ப ஸ்டார்ட் ஆகக் கூடாது, பிரஷர் சமமாக வேண்டும் என்று குளிரூட்டும் டீம் 3 நிமிட டிலே கேட்டிருக்கிறது, அது சரி. சாஃப்ட்வேர் டீம் இரண்டு கம்ப்ரசர் கன்ட்ரோலரிலும் 3 நிமிடம் போட்டிருக்கிறது, அதுவும் சரி. பேனல் டீம் ஒரு கம்ப்ரசரின் ஸ்டார்ட்டிங் கரண்ட்டையும் இன்னொன்றின் ஓடும் கரண்ட்டையும் கூட்டி ஜெனரேட்டர் சைஸ் பார்த்திருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும் என்று நினைத்து. இரண்டு டைமரும் கரண்ட் வந்த அதே நொடியில் எண்ண ஆரம்பிக்கும் என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான்.

இப்போதைக்கு ஒன்றை 4 நிமிடமாக மாற்றிவிட்டோம், ஓடுகிறது. அதற்கப்புறம் மேனேஜர், "அடுத்த மாடலுக்கு நீயே சிஸ்டம் ஆர்க்கிடெக்சர் போடு" என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரமாகப் படிக்கிறேன். ஃபங்ஷனல், லாஜிகல், பிஸிகல் என்று மூன்று படம் போடச் சொல்கிறார்கள். ஆர்க்கிடெக்சரை எப்படி எழுதுவது என்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 42010இன் 2011 பதிப்பில் இருக்கும் வரையறையையும் படித்தேன், ஒரு அமைப்பின் அடிப்படைக் கருத்துகள், உறுப்புகள், உறவுகள், அது வளரும் விதத்துக்கான கொள்கைகள் என்று போகிறது. படிக்கும்போது புரிகிற மாதிரி இருக்கிறது, பேப்பரை எடுத்தால் கை ஓடவில்லை. ஆர்க்கிடெக்சர் எங்கே முடிந்து டிசைன் எங்கே ஆரம்பிக்கிறது? 3ஐ 4 ஆக்கினோமே, அது எதில் சேரும்? முதல் கோட்டை எங்கே போடுவது?

பதில்: ஓய்வில்_ஒரு_சிஸ்டம்ஸ்காரர்

தம்பி, நல்ல இடத்தில் இடறியிருக்கிறீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு அந்தச் சாயங்காலத்தையே எடுத்துக்கொள்வோம்.

3ஐ 4 ஆக்கியது டிசைன் திருத்தம். நாளைக்கு 5 ஆக்கலாம், மற்ற யாரையும் கேட்க வேண்டாம். ஆர்க்கிடெக்சர் கேள்வி வேறு. உங்கள் மெஷினில் "இப்போது நாம் ஜெனரேட்டரில் ஓடுகிறோம்" என்று யாருக்குத் தெரியும்? பேனலில் ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே மாற்றிவிடும் சேஞ்ச்ஓவருக்கு மட்டும் தெரியும். கம்ப்ரசர் கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஈபி கரண்டோ ஜெனரேட்டரோ, அதற்கு வித்தியாசமே இல்லை. தெரியவேண்டிய செய்தி தெரியவேண்டிய இடத்துக்குப் போக வழியே வைக்கவில்லை. அந்த வழி வேண்டுமா, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம், கிடைத்ததும் முடிவெடுப்பது யார், இதெல்லாம் ஆர்க்கிடெக்சர். பின்னால் மாற்றினால் மூன்று டீமையும் கலைக்க வேண்டியிருக்கும் முடிவு எதுவோ அது ஆர்க்கிடெக்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு அது போதும்.

பெரிய அளவில் இதற்கு நான் எப்போதும் சொல்வது அப்போலோ, அமெரிக்கா நிலவுக்கு ஆள் அனுப்பிய திட்டம். நிலவுக்குப் போவது என்று முடிவான பிறகும் எந்த வழியில் போவது என்பது ரொம்ப நாள் முடிவாகவில்லை. ஒரே பெரிய கலம் நேராகப் போய் இறங்கித் திரும்பி வரலாம், அதற்கு நோவா என்று ஒரு ராட்சத ராக்கெட் வேண்டும். பூமியைச் சுற்றும் பாதையில் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு போகலாம். மூன்றாவது, தாய்க்கலத்தை நிலவைச் சுற்றவிட்டு ஒரு சின்னக் கலம் மட்டும் இறங்கி ஏறி வந்து ஒட்டிக்கொள்ளலாம். நாசாவின் லாங்லி மையத்தில் இருந்த பொறியாளர் ஜான் ஹூபோல்ட் மூன்றாவதைத்தான் விடாமல் சொன்னார், யாரும் காது கொடுக்காததால் 1961 நவம்பரில் மேலதிகாரிகளையெல்லாம் தாண்டி நாசாவின் இணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கே நேராகக் கடிதம் எழுதினார். 1962 ஜூலையில் அந்த வழியே முடிவானது. அதனால் என்ன ஆனது பாருங்கள்: பூமிக்குத் திரும்பும் எரிபொருளும் வெப்பக் கவசமும் நிலவின் தரைவரை போய் வரவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இறங்கும் கலம் காற்றுக்குள் பறக்கவே போவதில்லை, ஆகவே கூர்மூக்கு வேண்டாம், தடித்த சுவர் வேண்டாம், பூச்சி மாதிரி கால் வைத்துக்கொள்ளலாம். ஒரு போல்ட் கூட வரையும் முன்பே இவ்வளவும் தீர்மானமாகிவிட்டது. அதே முடிவுதான் புதிதாக ஒரு இணைப்பையும் கொண்டுவந்தது, நிலவைச் சுற்றிக்கொண்டே இரண்டு கலங்கள் ஒன்றை ஒன்று தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும், அதை அதுவரை பூமிக்கு மேலேயே யாரும் செய்ததில்லை. எங்கே வெட்டினாலும் அங்கே ஒரு மூட்டு வரும், அந்த மூட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே அப்போலோவில்தான் இருக்கிறது. அப்போலோ 13இன் ஆக்சிஜன் தொட்டி ஹீட்டருக்கு 28 வோல்ட் என்று இருந்தது, 1965இல் ஏவுதளத்து சப்ளைக்கு ஏற்ப 65 வோல்ட் தாங்க வேண்டும் என்று மாற்றினார்கள். தொட்டிக்குள் இருந்த தெர்மோஸ்டாட் சுவிட்ச் மட்டும் 28க்கான பழையதாகவே இருந்துவிட்டது, அடுத்தடுத்த சரிபார்ப்புகளிலும் யார் கண்ணிலும் படவில்லை. 1970 மார்ச்சில் தரைச் சோதனையில் தொட்டி காலியாக மாட்டேன் என்று அடம்பிடிக்க, ஹீட்டரை மணிக்கணக்கில் போட்டு ஆவியாக்கினார்கள். சுவிட்ச் திறக்க வேண்டிய நேரத்தில் 65 வோல்ட்டில் முனைகள் ஒட்டிக்கொண்டன. வெளியே இருந்த வெப்பமானி சுமார் 27 டிகிரிக்கு மேல் காட்டாது, ஆகவே உள்ளே வயர் மேலிருந்த டெஃப்லான் உறை வெந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரலில் விண்வெளியில் வெடித்தது. சுவிட்ச் செய்தவர் கெட்டவரா? சப்ளை கொடுத்தவரா? நடுவில் ஒரு எண் மாறியபோது அந்த மூட்டுக்கு உரியவர் கவனிக்கவில்லை. உங்கள் 3 நிமிடமும் அதே ஜாதி.

ஆகவே முதல் கோடு மெஷினைச் சுற்றி. ஈபி லைன், டீசல் ஊற்றுபவர், கேன் கொண்டுவருபவர், டேங்கர், சொசைட்டி செயலாளர், கழுவும் தண்ணீர் எல்லாம் கோட்டுக்கு வெளியே. ஒவ்வொன்றோடும் உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன. அதை முடித்துவிட்டுத்தான் உள்ளே வெட்ட வேண்டும்.

பதில்: ஃபர்ம்வேர்_அக்கா

சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விஷயம் சேர்க்கிறேன், ஏனென்றால் "மூட்டு" என்றதும் எல்லோரும் வயரையும் கனெக்டரையும் மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். அனுமானமும் ஒரு மூட்டுதான்.

1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம், தென் அமெரிக்காவில் இருக்கும் கூரூ ஏவுதளத்திலிருந்து. 40 நொடிக்குள் வெடித்துச் சிதறி முடிந்துபோனது. திசையும் வேகமும் சொல்லும் கருவியின் சாஃப்ட்வேர் ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்தது, ஏரியன் 4இல் வருடக்கணக்கில் தொல்லையே கொடுக்காதது. அதில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் போடும் ஒரு வரி இருந்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய எண். ஏரியன் 4இன் பாதையில் அது 16 பிட்டைத் தாண்டவே தாண்டாது, ஆகவே அந்த இடத்தில் பாதுகாப்புப் போடாமல் விட்டார்கள். கவனக்குறைவு இல்லை, பிராசசரின் சுமையை 80 சதவீதத்துக்குள் வைக்க யோசித்தே விட்டது. ஏரியன் 5 வேறு பாதையில் கிடைமட்டமாக அதைவிட வேகம் எடுக்கும். எண் நிரம்பி வழிந்தது, கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. எனக்கு இன்றைக்கும் மனசைப் பிசைவது, அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டபிறகு தேவையே இல்லாத கணக்கு என்பதுதான். பழைய ராக்கெட்டின் ஒரு தேவைக்காக மேலே போனபிறகும் சுமார் 40 நொடி ஓடும்படி வைத்திருந்தார்கள், அதுவும் அப்படியே வந்துவிட்டது.

மாற்றுக் கருவி இருந்ததா? இருந்தது. அதே சாஃப்ட்வேர், அதே எண், ஆகவே முதன்மைக் கருவிக்கு 72 மில்லிசெகண்ட் முன்பே அதுவும் போய்விட்டது.

இதை உங்கள் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு கம்ப்ரசர் வைத்திருக்கிறீர்களே, அது மாற்றுக்கா, திறனுக்கா? இரண்டும் சேர்ந்தால்தான் நேரத்துக்குள் குளிரும் என்றால் அது மாற்றே இல்லை, ஒன்று போனாலும் பால் கெடும் என்பதால் கெட்டுப்போக இரண்டு இடம் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எதற்கு இரண்டு என்று டாக்குமென்டில் ஒரு வரி எழுதுங்கள். அதோடு, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும் என்று பேனல் டீம் நினைத்ததே, அந்த ஒரு வரி எங்காவது எழுதியிருந்தால் சாஃப்ட்வேர் டீம் படித்த அன்றே கேள்வி கேட்டிருக்கும்.

படம் போடுவதற்கு என்-ஸ்கொயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, சாஃப்ட்வேர் ஒன்றும் வாங்க வேண்டாம், வெள்ளைப் பலகை போதும். மூலைவிட்டத்தில் உங்கள் உறுப்புகளை எழுதுங்கள்: ஈபி, ஜெனரேட்டர், சேஞ்ச்ஓவர், கம்ப்ரசர் 1, கம்ப்ரசர் 2, கலக்கி, பால் வெப்பநிலை சென்சார், ஆபரேட்டர். ஒவ்வொன்றும் மற்றவற்றுக்குக் கொடுப்பதை அதன் வரிசையில் எழுதுங்கள், வாங்குவது அதன் பத்தியில் வந்துவிடும். வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றையும் பார்த்து "இங்கே நிஜமாகவே ஒன்றும் வேண்டாமா?" என்று கேளுங்கள். மூன்று டீமையும் ஒரே அறையில் நிற்கவைத்துச் செய்யுங்கள். மெல்வின் கான்வே என்பவர் 1968இலேயே எழுதினார், ஒரு நிறுவனத்துக்குள் பேச்சுவார்த்தை எப்படி ஓடுகிறதோ அதே வடிவத்தில்தான் அது செய்யும் சிஸ்டமும் அமையும் என்று. உங்கள் மெஷின் மூன்றாக உடைந்த இடமும் உங்கள் மூன்று டீம் உட்காரும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கேட்டவர்: பட்டறை_மெக்கானிக்கல்

அக்கா, பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். குளிரூட்டும் டீம் கீழே ஷெட்டில், பேனல் டீம் பக்கத்துக் கட்டடத்தில், சாஃப்ட்வேர் மேல்மாடியில்.

நேற்று மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டு அந்தக் கட்டம் போட்டோம். இரண்டரை மணி நேரம் ஆனது. ஜெனரேட்டர் வரிசையிலிருந்து கம்ப்ரசர் பத்திக்குப் போகும் கட்டம் வெறுமையாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது கலக்கி. கலக்கி ஓடாவிட்டால் சென்சார் இருக்கும் மூலையில் பால் குளிர்ந்து, "4 டிகிரி வந்துவிட்டது" என்று கம்ப்ரசர் நின்றுவிடும், நடுவில் பால் சூடாகவே இருக்கும். கலக்கி ஓடுகிறதா என்று கன்ட்ரோலருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இது இன்னும் யாருக்கும் நடக்கவில்லை, ஆனால் நடந்தால் ஒரு தொட்டிப் பால் போகும்.

இப்போது அடுத்த சிக்கல். ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரே கம்ப்ரசர் போதும் என்று வைத்தால் டீசல் மிச்சம், சின்ன ஜெனரேட்டர் போதும். ஆனால் குளிர இரண்டு மடங்கு நேரம் ஆகும். இதை நான் முடிவு பண்ணலாமா? இன்னொன்று, நிர்வாகம் செல்போன் ஆப்பும் கேட்கிறது, எங்கிருந்தும் மெஷினை ஆன், ஆஃப் செய்கிற மாதிரி.

பதில்: குளிர்பதனம்_20_வருஷம்

தம்பி, நான் பட்டம் படித்தவன் இல்லை, இருபது வருஷமாக இந்தத் தொட்டிகளை ரிப்பேர் செய்கிறேன், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம். இரண்டு கம்ப்ரசரா ஒன்றா என்று போய்விட்டீர்கள், அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. குளிரை எப்போது தயாரிக்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைக்கு 1,000 லிட்டர் பால், 35 டிகிரியில் வருகிறது, 4க்கு இறக்க வேண்டும். பாலின் எடை 1,030 கிலோ, ஒரு கிலோவை ஒரு டிகிரி இறக்க சுமார் 3.9 கிலோஜூல், 31 டிகிரி. கிட்டத்தட்ட 125 மெகாஜூல், யூனிட் கணக்கில் சுமார் 35. மூன்று மணி நேரத்தில் இறக்க வேண்டுமென்றால் பதினொன்றரை கிலோவாட் குளிரூட்டும் திறன் அந்த மூன்று மணி நேரமும் கையில் இருக்க வேண்டும், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால்தான் உங்களுக்கு இரண்டு கம்ப்ரசர், அதனால்தான் அவ்வளவு பெரிய ஜெனரேட்டர்.

இப்போது வேறு மாதிரி யோசியுங்கள். கரண்ட் இருக்கும் நேரத்தில் ஐஸ் கட்டி வைத்துக்கொள்கிறீர்கள், பால் வரும்போது ஐஸ் தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கிறீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல், ஆகவே ஒரு வேளைக்கு 370 கிலோ ஐஸ் போதும், இழப்பு தனி. காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் 8 மணி நேரம் கரண்ட் கிடைத்தால் நாலரை கிலோவாட் திறன் போதும், ஒரே சின்னக் கம்ப்ரசர். பால் ஊற்றும்போது கரண்ட் போனாலும் சின்னத் தண்ணீர்ப் பம்ப்பும் கலக்கியும் மட்டும் ஓடினால் போதும். உங்கள் இரண்டு டைமர் சண்டையே இருக்காது.

இதிலும் வலி உண்டு, மறைக்க மாட்டேன். ஐஸ் கட்ட கம்ப்ரசர் பூஜ்யத்துக்குக் கீழே போய் வேலை செய்ய வேண்டும், காயில் மேல் ஐஸ் தடிக்கத் தடிக்க இன்னும் கீழே, ஆகவே ஒரு யூனிட் குளிருக்குக் கரண்ட் கூடச் செலவாகும். தொட்டி பெரிது, எடை அதிகம், பழைய சொசைட்டிக் கட்டடத்தில் கதவு வழியாக உள்ளே போகாது, நான் ஒரு இடத்தில் சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோனேன். கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊருக்கு இது தண்டச்செலவு.

அப்புறம் ஆப். பார்ப்பதற்கு வையுங்கள், ஓட்டுவதற்கு வைக்காதீர்கள். பாதி சொசைட்டியில் டவர் ஒரு கோடுதான். அதைவிட முக்கியம், கன்ட்ரோலர் செத்துப்போனால் ஒரு சாதா தெர்மோஸ்டாட்டில் மெஷின் ஓட ஒரு மேனுவல் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். நீங்கள் வைக்காவிட்டால் அவர்களே ஒரு வயரைப் போட்டு ஷார்ட் பண்ணிக்கொள்வார்கள், அதை எத்தனை பேனலில் பார்த்திருக்கிறேன். அதில் டிலேயும் இருக்காது, பாதுகாப்பும் இருக்காது, பால் உறைந்துபோகிற வரைக்கும் ஓடும்.

பதில்: ஓய்வில்_ஒரு_சிஸ்டம்ஸ்காரர்

பட்டம் இல்லை என்றீர்கள் ஐயா, நீங்கள் இப்போது செய்ததற்குப் பெயர்தான் ஆர்க்கிடெக்சர். "குளிர்வித்தல்" என்று ஒரே பெட்டியாக இருந்ததை "குளிரைத் தயாரித்தல்", "குளிரைச் சேமித்தல்", "பாலுக்குக் கொடுத்தல்" என்று மூன்றாகப் பிரித்தீர்கள். தம்பி கேட்ட ஃபங்ஷனல் படம் இதற்காகத்தான். பொருளின் பெயரை எழுதாமல் வேலையின் பெயரை எழுதினால் அந்தச் "சேமித்தல்" கண்ணில் படும். கம்ப்ரசர் என்று எழுதி ஆரம்பித்தால் எத்தனை கம்ப்ரசர் என்பது மட்டும்தான் கேள்வியாக வரும்.

தம்பி, ஜெனரேட்டரில் ஒரே கம்ப்ரசர் என்பதை நீங்கள் முடிவு பண்ணக் கூடாது. எவ்வளவு நேரத்தில் 4 டிகிரி வரவேண்டும் என்பது பால் வாங்குபவரின் தேவை, அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். "சீக்கிரம் குளிர வேண்டும்" என்று எழுதினால் அது தேவையே இல்லை. "35 டிகிரியில் வரும் 1,000 லிட்டர், ஈபி இல்லாத நிலையில், கடைசிக் கேன் ஊற்றியதிலிருந்து இத்தனை மணி நேரத்தில் 4 டிகிரி" என்று எழுதினால் அதைச் சோதித்துப் பார்க்கலாம். எப்படிச் சோதிப்போம் என்பதையும் அதே நாளில் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 1,000 லிட்டர் தண்ணீரை 35க்குச் சூடாக்கி, மெயினை இறக்கி, ஜெனரேட்டர் எடுத்து 4 டிகிரி வரும்வரை நின்று பார்க்கும் ஒரு சோதனை உங்கள் ஷெட்டிலேயே இருந்திருந்தால் செயலாளர் டார்ச் பிடித்திருக்க வேண்டாம்.

ஒரு சின்ன மாறுபாடு மட்டும். ஐஸா நேரடியா என்று ஒரே மாடலில் எல்லா ஊருக்கும் முடிவு கட்ட வேண்டாம். தொட்டியும் கலக்கியும் கன்ட்ரோலரும் ஒன்றாகவே இருக்கட்டும், குளிர் வரும் பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றுகிற மாதிரி வெட்டுங்கள். அந்த மூட்டில் என்ன போகிறது, தண்ணீரா குளிர்வாயுவா, என்ன வெப்பநிலை, என்ன பைப் அளவு, இந்த ஒரு பக்கத்தைத்தான் நீங்கள் கண்ணும் கருத்துமாக எழுத வேண்டும்.

கேட்டவர்: பட்டறை_மெக்கானிக்கல்

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய படத்தைக் கிழித்துவிட்டேன். தயாரித்தல், சேமித்தல், கொடுத்தல், கலக்குதல், அளத்தல், ஆற்றல் மூலத்தை அறிதல் என்று ஆறு பெட்டி. நேரடி மாடலில் "சேமித்தல்" பெட்டி பூஜ்யம், ஐஸ் மாடலில் 370 கிலோ, மற்றது ஒன்றுதான். கன்ட்ரோலருக்கு ஜெனரேட்டர் சிக்னலும் கலக்கி ஓடும் சிக்னலும் உள்ளே வருகின்றன. குளிர் மூட்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஒன்றில் குளிர்வாயு தொட்டியின் அடித்தகட்டுக்குள்ளேயே போகிறது, இன்னொன்றில் ஐஸ் தண்ணீர், ஒரே தகடு இரண்டுக்கும் ஒத்துவருமா என்று குளிரூட்டும் டீம் திங்கட்கிழமை சொல்கிறது.

அண்ணா, உங்களிடம் ஒன்று. எந்த ஊருக்கு எந்த மாடல் என்று முடிவு பண்ண, உண்மையில் எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்று தெரிய வேண்டும். செயலாளரைக் கேட்டால் "எப்பவும் போகும்" என்கிறார். சரியான கணக்கு எங்கே கிடைக்கும்?

பதில்: குளிர்பதனம்_20_வருஷம்

ஜெனரேட்டரிலேயே ஹவர் மீட்டர் இருக்கும் தம்பி, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். சொசைட்டியில் டீசல் வாங்கிய ரிஜிஸ்டர் இருக்கும், அதையும் ஒரு வருஷத்துக்குப் பார்த்துவிடுங்கள், மே மாதமும் நவம்பரும் ஒன்றாக இருக்காது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஆபரேட்டரைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், எந்த நேரத்தில் போகும் என்று அவருக்குத்தான் தெரியும். சாயங்காலம் பால் ஊற்றும் நேரத்தில் போகிறதா, மத்தியானம் போகிறதா, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.